வடசென்னை வீட்டில் கிதார், வெளியே சூழல் ஒலி: குறைந்த செலவில் மைக் தேர்ந்தெடுப்பது எப்படி

அக்கூஸ்டிக் கிதாரையும் சூழல் ஒலியையும் பதிவுசெய்ய விரும்புபவர் மைக் வாங்கும் முன் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: இந்த இரண்டு வேலைகளுக்கும் தேவைப்படும் குணங்கள் வேறு வேறு. கிதார் மைக்கிலிருந்து ஓரடி தூரத்தில் ஒலிக்கிறது. அங்கே மைக் எந்தத் திசையிலிருந்து ஒலியை வாங்குகிறது, அதை எங்கே வைக்கிறோம் என்பவைதாம் பெரிது. சூழல் ஒலியோ தொலைவிலிருந்து மெலிதாக வருவது. அங்கே மைக் தானாக எழுப்பும் இரைச்சல் எவ்வளவு என்பதே பெரிது. கையில் இருக்கும் பணத்தை இந்த வேறுபாட்டை வைத்தே பங்கிட வேண்டும்.

எந்தக் கண்டென்சர் மைக்கும் (மின்சாரம் பெற்று இயங்கும், உணர்திறன் மிகுந்த வகை) முழு அமைதியிலும் தன் மின்சுற்றால் மெல்லிய 'உஸ்' ஒலியை எழுப்பும். விவரக்குறிப்பில் சுய இரைச்சல் என்று டெசிபலில் தரப்படுவது இதுதான். எண் குறையக் குறைய நல்லது. ஆடியோ-டெக்னிகா ஏடி2020 மைக்குக்கு இது 20, ரோட் எம்5க்கு 19, ரோட் என்டி1-ஏ மைக்குக்கு 5. தண்டையார்பேட்டையிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ தெருவை ஒட்டிய வீட்டில், மின்விசிறியை நிறுத்திவிட்ட நள்ளிரவிலும் அறையின் இரைச்சல் 30 டெசிபலுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே அந்த அறையில் கிதாரை மட்டும் பதிவுசெய்பவருக்கு 20 டெசிபல் மைக்கே போதும்; 5 டெசிபலுக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் அறையின் இரைச்சலுக்குள் மறைந்துபோகும்.

கிதாருக்கு என் முதல் தேர்வு, பென்சில் போல நீண்டிருக்கும் சிறிய டயஃப்ரம் (ஒலியில் அதிரும் மெல்லிய சவ்வு) கொண்ட கண்டென்சர். கம்பியை மீட்டும் விரலின் நுண்மையை அது தெளிவாக வாங்கும். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலியின் நிறத்தையும் அதிகம் மாற்றாது. பெரிங்கர் சி-2 இரண்டு மைக்குகள் கொண்ட ஜோடியாக, குறைந்த விலையில் கிடைப்பது. ஸ்டீரியோ பதிவைக் கற்றுக்கொள்ள அது போதும். பின்னாளில் பாட்டும் சேர்த்துப் பதிவுசெய்யும் எண்ணம் இருந்தால் ஏடி2020 பொருத்தமாக இருக்கும்.

சத்தம் மிகுந்த வீட்டுக்கு டைனமிக் மைக்தான் (வெளி மின்சாரம் இல்லாமல் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு இயங்கும் வகை) சரி, அது வெளிச்சத்தத்தை வாங்காது என்று பலரும் நம்பிக்கையோடு சொல்வார்கள். இதை அப்படியே ஏற்க முடியாது. 1965 முதல் விற்பனையில் இருக்கும் ஷ்யூர் எஸ்எம்57 அருமையான மைக்தான். ஆனால் அதன் உணர்திறன் குறைவு என்பதால் ஏடி2020ஐவிடச் சுமார் 20 டெசிபல் கூடுதலாக கெய்ன் (மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவு) கொடுக்க வேண்டும். கெய்னை ஏற்றும்போது கிதாரோடு எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரியும் சேர்ந்தே ஏறும். ஒரே தூரத்தில், ஒரே திசையமைப்புள்ள இரண்டு மைக்குகளை வைத்தால் கிதாருக்கும் லாரிக்கும் இடையிலான விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். டைனமிக் மைக்கைப் பாட்டுக்கு உதட்டருகே வைத்துப் பயன்படுத்துவதால்தான் வெளிச்சத்தம் குறைந்ததாகத் தோன்றுகிறது. அது தூரத்தின் பலன். விலை மலிவான இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) கெய்னை அவ்வளவு ஏற்றினால், அதன் சொந்த இரைச்சலும் கேட்கத் தொடங்கும்.

அதனால் மைக்கை மாற்றுவதைவிட, அதை வைக்கும் இடத்தில் கவனம் செலுத்துவது கூடுதல் பயன் தரும். முன்னிருந்து வரும் ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக்கின் பின்புறம்தான் அது மிகக் குறைவாகக் கேட்கும் திசை. வாசிப்பவர் அறையின் உட்பக்கத்தில் ஜன்னலைப் பார்த்து அமர்ந்து, மைக்கின் பின்புறத்தைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தால், ஹார்ன் ஒலியும் பேச்சுக்குரலும் கணிசமாகத் தணியும். லாரியின் தாழ்ந்த அதிர்வு இதனால் அடங்காது. அதற்கு 80 ஹெர்ட்ஸ் அளவில் லோ-கட் (தாழ்ந்த ஒலியைக் குறைக்கும் வடிகட்டி) வைக்கலாம். கிதாரின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் சுமார் 82 ஹெர்ட்ஸ் என்பதால் இழப்பு சிறிதே. மைக்கைக் கிதாரின் 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேராக, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்துத் தொடங்குங்கள். ஒலித்துளைக்கு நேராக வைத்தால் குமுறும். மிக அருகே கொண்டுசென்றாலும் கார்டியாய்டு மைக் தாழ்ந்த ஒலியைப் பெருக்கிக் காட்டும். வெற்றுச் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியைக் குறைக்க, வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையைச் சாய்த்து வைப்பதே நல்ல தொடக்கம்.

மேற்சொன்ன கண்டென்சர்களுக்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே வரும் மின்சாரம்) வேண்டும். இன்டர்ஃபேஸில் அது உண்டா என்று பார்த்து வாங்குங்கள். யூஎஸ்பி மைக்குக்கு இந்தத் தேவை இல்லை. ஆனால் ஸ்டீரியோவுக்காகப் பிறகு இன்னொன்றைச் சேர்ப்பது தொல்லை பிடித்த வேலை.

சூழல் ஒலிக்கு வருவோம். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலத்தைப் பதிவுசெய்வதற்கு சுய இரைச்சலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஏலக்குரலும் விசைப்படகின் இன்ஜினும் எந்த மைக்கின் இரைச்சலையும் மூழ்கடித்துவிடும். ஜூம் எச்1என் போன்ற கைக்கு அடக்கமான ரெக்கார்டரே அங்கே போதும். அங்கே பகை, கடற்காற்று. நுரைப்பஞ்சு உறை மட்டும் அதைத் தடுக்காது. முடி அடர்ந்த செயற்கை ரோம உறை கட்டாயம் வேண்டும். காற்றில் எழும் 'படபட' ஒலியைப் பின்னால் கணினியில் நீக்குவது ஏறத்தாழ முடியாத காரியம்.

வடக்கே பழவேற்காடு ஏரிக்கரையில் நிலைமை தலைகீழ். தொலைவில் நிற்கும் பறவைக் கூட்டத்தின் ஒலியைப் பிடிக்க கெய்னை மிக உயர்த்த வேண்டியிருக்கும். அப்போது 20 டெசிபல் மைக்கின் 'உஸ்' ஒலி பதிவு முழுவதும் படர்ந்துவிடும். பணம் செலவிட வேண்டிய இடம் இதுதான். என்டி1-ஏ இந்த வேலைக்கு மிகச் சிறந்தது, ஆனால் எடை மிகுந்தது, 48 வோல்ட் தரும் ரெக்கார்டரும் கேட்கும். சிக்கனமான வழி, 14 டெசிபல் சுய இரைச்சல் கொண்ட ப்ரிமோ இஎம்172 கேப்சூல்களால் (ஒலியை வாங்கும் சிறு பாகம்) செய்த ஒரு ஜோடி ஆம்னி மைக், அதாவது எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கும் மைக். ரெக்கார்டரின் 3.5 மில்லிமீட்டர் மைக் துளை தரும் சிறு மின்சாரத்திலேயே அது இயங்கும். ஆம்னி வகை என்பதால் காற்றுக்கும் கை அசைவுக்கும் கார்டியாய்டைவிடக் குறைவாகவே பாதிக்கப்படும். சாலிடரிங் தெரிந்தவர் ரிச்சி தெருவில் கேபிளும் கனெக்டரும் வாங்கித் தாமே இணைத்துக்கொள்ளலாம்.

பழைய மைக் வாங்குபவர், ஹெட்ஃபோன் மாட்டி, கெய்னை ஏற்றி, யாரும் பேசாமல் சில நிமிடங்கள் கேட்டுப் பார்க்க வேண்டும். சீரான 'உஸ்' ஒலி இயல்பு. இடையிடையே பொரிவது போன்ற ஒலி வந்தால் டயஃப்ரத்திலோ மின்சுற்றிலோ ஈரம் ஏறியிருக்கலாம், அதை வாங்க வேண்டாம். கடலோரத்தில் கண்டென்சர் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வையுங்கள். மழைக்காலத்தில் அந்தப் பொட்டலங்களை அடிக்கடி மாற்றுங்கள்.