செல்ஃப் எடுக்காத பழைய பைக்: மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்னும் பின்னும்

கிக்கரும் செல்ஃபும் சேர்ந்தே வந்த 2000களின் பல்சர், யூனிகார்ன் போன்ற வண்டிகளில் செல்ஃப் எடுக்காமல் போனால் ஸ்டார்ட்டர் மோட்டாரையே (பொத்தானை அழுத்தும்போது இன்ஜினைச் சுழற்றிவிடும் மின்மோட்டார்) மாற்றச் சொல்பவர்கள் அதிகம். என் கணிப்பில், மோட்டார் மீது பழி போடப்படும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கோளாறு பேட்டரியிலோ எர்த் வயரிலோ (பேட்டரியின் நெகட்டிவை வண்டியின் உலோகத்தோடு இணைக்கும் வயர்) ரிலேயிலோதான் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்ச்) இருக்கிறது. ஆகவே சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, வண்டியை நியூட்ரலில் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

படி 1: சத்தத்தைக் கவனியுங்கள்

பொத்தானை அழுத்தும்போது எந்தச் சத்தமும் இல்லையென்றால் ஃபியூஸ், செல்ஃப் பொத்தான், கிளட்ச் சுவிட்ச், ரிலேயின் சுருள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ரிலேயில் ‘டிக்’ என்ற ஒலி மட்டும் வந்தால் அடுத்த படிக்குச் செல்லுங்கள். மோட்டார் சுற்றும் ஒலி கேட்டும் இன்ஜின் அசையவில்லையென்றால், பெரும்பாலும் ஒன்வே கிளட்ச் (மோட்டாரின் சுழற்சியை இன்ஜினுக்கு ஒரு திசையில் மட்டும் கடத்தும் பாகம்) தேய்ந்திருக்கும். அது இன்ஜினுக்குள் இருப்பதால் அந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

படி 2: மின்னழுத்தத்தை அளவிடுங்கள்

இந்தப் படியில் அவசரம் கூடாது. ஓய்வில் இருக்கும் பேட்டரி, முழுச் சார்ஜில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். இப்போது மீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்தபடியே பொத்தானை அழுத்துங்கள். அளவு 9.5க்குக் கீழே சரிந்தால் பேட்டரியே முதல் சந்தேகம். நல்ல பேட்டரி போட்டும் சரிந்தால் மோட்டார் இறுகியிருக்கலாம். ரிலே ‘டிக்’ என்றும் அளவு 12க்குக் குறையாமல் அப்படியே நின்றால், மோட்டார் வழியாக மின்சாரம் ஓடவே இல்லை என்று பொருள்.

அதைத் தொடர்ந்து, மீட்டரின் கறுப்பு முனையை இன்ஜின் உலோகத்திலும் சிவப்பு முனையை மோட்டாரில் வயர் மாட்டியிருக்கும் போல்ட்டிலும் வைத்து மீண்டும் அழுத்துங்கள். அங்கே 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் மோட்டார் சுற்றாவிட்டால்தான் குற்றவாளி மோட்டார். வரவில்லையென்றால் ரிலேயின் தொடுமுனைகள் கருகியிருக்கும், அல்லது வயர் முனைகளில் பச்சையாக உப்புப் பூத்திருக்கும். எர்த் பக்கத்தையும் மறக்காதீர்கள்: பேட்டரியின் நெகட்டிவுக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் இடையே, பொத்தானை அழுத்தும் நேரத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள்.

ஸ்க்ரூடிரைவரால் ரிலேயின் இரு போல்ட்களையும் சேர்த்துத் தீப்பொறி பறக்கச் சோதிக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. கார்புரேட்டரில் பெட்ரோல் கசியும் பழைய வண்டியில் அதைச் செய்யவே கூடாது.

படி 3: மோட்டாரைத் திறந்து சுத்தம் செய்யுங்கள்

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு மோட்டாரை வெளியே எடுங்கள். உடற்பகுதியும் மூடிகளும் சேரும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்ட பிறகே நீளமான போல்ட்களைக் கழற்ற வேண்டும். ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) தண்டின் இரு முனைகளிலும் இருக்கும் மெல்லிய வாஷர்கள் எந்த வரிசையில் வந்தன என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில நேரம் அவை மூடியிலேயே கிரீஸோடு ஒட்டிக்கொண்டு கண்ணில் படாமல் போய்விடும்.

உள்ளே சாம்பல் நிறத்தில் கார்பன் தூள் படிந்திருக்கும். அதைத் தூரிகையால் தட்டி எடுங்கள். பிரஷ்கள் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் கட்டைகள்) கையேட்டில் உள்ள அளவுக்குக் கீழே தேய்ந்திருந்தாலோ கூட்டுக்குள் சிக்கி நின்றாலோ, ஸ்பிரிங்கோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். கறுத்த கம்யூட்டேட்டரை (பிரஷ்கள் உரசும், செம்புப் பட்டைகளாலான உருளை) 600 எண் உப்புத்தாளால் செம்பு மின்னும் வரை மெதுவாகத் தேய்த்து, செம்புப் பட்டைகளின் இடைவெளிகளில் அடைத்திருக்கும் தூளையும் கீறி எடுங்கள். பிறகு மீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் (இரு முனைகளுக்கு இடையே மின்தொடர்பு உள்ளதா என்று காட்டும் அமைப்பு) வைத்துப் பாருங்கள்: பட்டைக்கும் பட்டைக்கும் இடையே தொடர்பு இருக்க வேண்டும், பட்டைக்கும் தண்டுக்கும் இடையே இருக்கக் கூடாது. இருந்தால் ஆர்மேச்சர் போய்விட்டது. அப்போது புது மோட்டார் வாங்குவதில் நியாயம் உண்டு.

படி 4: பூட்டிச் சோதியுங்கள்

ஓ-ரிங்கில் (மோட்டார் இன்ஜினோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம்) சிறிது கிரீஸ் தடவி மோட்டாரைப் பொருத்துங்கள். வயர் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் உள்ளே இருக்கும் இன்சுலேஷன் உடையும். பேட்டரியின் நெகட்டிவை எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பூட்டிவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். ஒரு முறைக்கு 5 நொடிக்கு மேல் அழுத்தாமல், இடையில் சற்று ஆறவிட்டு மறுபடி முயலுங்கள்.