வீட்டு பீட்சா: அந்த 180 டிகிரியை நம்பாதீர்கள்

உப்பு போட மறப்பது, காலாவதியான ஈஸ்டைக் கொட்டுவது, இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு தடவை பட்டால் தானாகத் திருந்திவிடும். ஆனால் புதிதாக ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவனை வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராக, ஆரம்பத்தில் நான் விழுந்த அதே குழிகளில் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

180 டிகிரி, 20 நிமிடம்

பீட்சா ரெசிபிகளில் போட்டிருக்கும் இந்தக் கணக்குதான் இன்னமும் எனக்கு எரிச்சல் தருவது. 180 என்பது கேக் சுடுகிற சூடு. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து விறகு அடுப்புகளில் 430 டிகிரிக்கு மேல் இருக்கும், ஒன்றரை நிமிடத்துக்குள் பீட்சா வெந்து வெளியே வந்துவிடும். நம் வீட்டு ஓடிஜி முக்கி முக்கிப் போனாலும் 250தான், அதையும் குறைத்து வைத்தால் எப்படி? மாவு சிவப்பதற்குள் அதிலிருக்கும் ஈரமெல்லாம் போய்விடும். நிறம் வரவில்லையே என்று இன்னும் 5 நிமிடம், இன்னும் 5 நிமிடம் என்று விட்டுவைக்க, அடிப்பக்கம் வெளுத்த மேனிக்கே கெட்டியாகி, மேலே சீஸ் எண்ணெய் கக்கிக்கொண்டு கிடக்கும்.

சித்தி மகன் ஒருவன் ஆபீஸ் நண்பர்களைக் கூப்பிட்டு, அரைக் கிலோ மொசரெல்லா வாங்கி, மொத்தத்தையும் இப்படித்தான் பாழாக்கினான். "ரெசிபியில அப்படித்தாண்ணே போட்டிருந்துச்சு" என்றான். சீஸ் விற்கிற விலையில் இதைக் கேட்டால் கோபம் வராதா? கடைசியில் வந்தவர்கள் பரோட்டா வாங்கித்தான் சாப்பிட்டார்கள்.

சரி, 250லேயே வைத்தாலும் இன்னொரு வினை உண்டு. சூடேறிவிட்டது என்று ஓடிஜியின் விளக்கு அணைந்ததுமே பீட்சாவை உள்ளே தள்ளிவிடுவார்கள். அந்த விளக்குக்குத் தெரிந்தது உள்ளே இருக்கும் காற்றின் சூடு மட்டும்தான், தட்டு இன்னும் காய்ந்திருக்காது. கல் காயாமல் தோசை வார்ப்போமா? பிடியில்லாத இரும்பு தோசைக்கல் உள்ளே நுழையுமானால் அதை வைத்து, சூடேற்றும் மேல் கீழ் இரண்டு ராடையும் போட்டு, அரை மணி நேரம் காயவிடுங்கள். ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து ரவை தூவி, அதன்மேல் பீட்சாவைத் தயார் செய்து அப்படியே கல்லில் சறுக்கிவிட்டால் 8 முதல் 10 நிமிடத்தில் முடிந்தது. நான்ஸ்டிக் தவாவை அங்கே வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் பூச்சு கெட்டுவிடும்.

ஓடிஜியே இல்லையா? அடுப்பில் இரும்புக் கல்லைக் காயவைத்து ஒரு பக்கம் சுட்டு, திருப்பிப் போட்டு, வெந்த பக்கத்தின் மேல் சாஸும் சீஸும் வைத்து மூடி, தீயைக் குறைத்துவிடுங்கள். 180ல் காய்ந்துபோனதை விட இது எவ்வளவோ மேல்.

ஒட்டுகிறதே என்று மைதாவை அள்ளிக் கொட்டுவது

கால் கிலோ மைதாவுக்கு 160 மில்லி தண்ணீர். பிசுபிசுக்கத்தான் செய்யும், கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். வேலைநாள் என்றால் காலையிலேயே அரை டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் போட்டுப் பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். சாயங்காலம் வந்ததும் மாவை வெளியே எடுத்து வைத்து, ஓடிஜியைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போங்கள்.

சப்பாத்திக் கட்டை

எடுக்கவே எடுக்காதீர்கள், உள்ளே இருக்கிற காற்றெல்லாம் நசுங்கிப் போகும். நடுவிலிருந்து விரல்நுனியால் தள்ளிக்கொண்டே வந்து, ஓரத்தில் ஒரு விரல் அகலத்தைத் தொடாமல் விடுங்கள். இழுக்க இழுக்கச் சுருங்கினால் மல்லுக்கட்ட வேண்டாம். ஈரத் துணி போட்டு 10 நிமிடம் மூடி வைத்தால் தானே இளகிக் கொடுக்கும்.

காய்கறி மலை

காளானைத் தண்ணீர் வற்ற வதக்காமல் போட்டால் நடுவில் குளம் கட்டும். தக்காளியில் விதையை எடுத்துவிடுங்கள். மொத்தத்தில், போதும் என்று தோன்றுவதில் பாதி போதும்.

கெட்சப்

வேண்டாம். சர்க்கரை கருகும்.

ஒரிகானோ

பழைய பீட்சா ஆர்டர்களில் மிஞ்சிய பாக்கெட்டுகளைத் தீர்ப்பதற்கு இது இடமில்லை.