அறிவுத்தளத்தில் புதுத் தகவலைச் சேர்க்கும்போது செய்யும் தவறுகள்

அறிவுத்தளம், அதாவது ஒரு கணினி தனக்குத் தெரிந்ததாக வைத்திருக்கும் கூற்றுகளின் தொகுப்பு, என்றதும் பலர் மனதில் வருவது ஒரு பட்டியல். புதுத் தகவல் வந்தால் அடியில் ஒரு வரி சேர்க்கலாம், பழைய வரியோடு மோதினால் பழையதை அழித்துவிடலாம், வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவில், புதுத் தகவல் வரும்போது பழைய நம்பிக்கைகளை எப்படி மாற்றுவது என்று ஆராய்கிற நம்பிக்கை மாற்றம் என்ற துறை நாற்பது ஆண்டுகளாகத் தனியாக வளர்ந்து நிற்பதே, இது அவ்வளவு சுலபமில்லை என்பதால்தான்.

ஒரு மருந்துக் கிடங்கை எடுத்துக்கொள்வோம். கணினிக்கு இரண்டு விஷயம் தெரியும்: தடுப்பூசிகள் மூன்றாம் அறையில் இருக்கின்றன, தடுப்பூசி இருக்கிற அறை எப்போதும் 8 டிகிரிக்குக் கீழேதான் இருக்கும். இதிலிருந்து மூன்றாம் அறையும் 8-க்குக் கீழே என்று அதுவே முடிவு செய்துகொள்கிறது. இப்போது சென்சார் 14 டிகிரி என்கிறது. எந்த வரியை அழிப்பீர்கள்? "மூன்றாம் அறை 8-க்குக் கீழே" என்று யாரும் எழுதி வைக்கவே இல்லையே, அழிப்பதற்கு. ஊசிகளை வேறு அறைக்கு மாற்றிவிட்டார்களா, விதி மீறப்பட்டதா, சென்சார்தான் கெட்டுப்போனதா? மூன்றில் எது என்று தர்க்கம் சொல்லாது. முரண்பாடு இருக்கிறது என்பதோடு அது நின்றுவிடும். சரி, முரண்பாட்டை அப்படியே விட்டுவைக்கலாமே என்றால் அதுவும் முடியாது. செவ்வியல் தர்க்கத்தில் ஒரு கூற்றும் அதன் மறுப்பும் சேர்ந்து இருந்துவிட்டால் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம், அதன்பிறகு அந்த அறிவுத்தளம் தருகிற எந்தப் பதிலுக்கும் மதிப்பில்லை.

இதை முறையாக எழுதி வைத்தவர்கள் மூன்று பேர்: அர்ஜென்டினாவின் கார்லோஸ் அல்சுர்ரோன், ஸ்வீடனின் பீட்டர் யார்டன்ஃபோர்ஸ், டேவிட் மேக்கின்சன். 1985-ல் வந்த கட்டுரையில் அவர்கள் தந்த முறையை, பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் (A, G, M) சேர்த்து ஏஜிஎம் என்கிறோம். அல்சுர்ரோன் சட்டத்துறைக்காரர். ஒரு சட்டத் தொகுப்பிலிருந்து ஒரு விதியை நீக்கினாலும் மற்ற விதிகள் சேர்ந்து அதையே திரும்பக் கொண்டுவந்தால் என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்து அவர் இந்தப் பக்கம் வந்தார். நம் கிடங்கில் இருக்கிற சிக்கலும் அதேதான்.

இனி, நான் பார்த்தவரை அதிகம் சேதம் செய்கிற தவறுக்கு வருகிறேன். தகவல் ஏன் மாறியது என்று கேட்காமல் மாற்றுவதுதான் அது. அதே கிடங்கில் மூன்றாம் அறை, நான்காம் அறை இரண்டிலும் குளிரூட்டி இருக்கிறது. இரண்டில் சரியாக ஒன்றுதான் ஓடுகிறது என்று கணினிக்குத் தெரியும், எது என்று தெரியாது. இப்போது "மூன்றாம் அறையில் குளிரூட்டி ஓடுகிறது" என்று ஒரு செய்தி வருகிறது. நான்காம் அறையைப் பற்றி என்ன முடிவுக்கு வருவது?

ஒருவர் போய் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார் என்றால் உலகம் மாறவில்லை, நமக்குத் தெரிந்தது கூடியிருக்கிறது. ஒன்றுதான் ஓடும், அது மூன்று, ஆகவே நான்கு ஓடவில்லை. அங்கே இருக்கிற இன்சுலினை உடனே எடுக்க வேண்டும். ஆனால் ஒருவர் போய் மூன்றாம் அறைக் குளிரூட்டியை ஓடவிட்டுவிட்டு அந்தச் செய்தியை அனுப்பினார் என்றால் கதையே வேறு. முன்பு மூன்று ஓடிக்கொண்டிருந்தால் இப்போதும் அது மட்டும் ஓடும். முன்பு நான்கு ஓடிக்கொண்டிருந்தால் இப்போது இரண்டும் ஓடும். நான்காம் அறையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் சரியான பதில். செய்தியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, முடிவு மட்டும் வேறு. ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டால் நல்ல மருந்தைக் குப்பையில் போடுவோம், அல்லது கெட்டுக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் விடுவோம். முதல் வகைக்குத் திருத்தம் என்றும் இரண்டாவதற்குப் புதுப்பித்தல் என்றும் பெயர். இரண்டுக்கும் தனித்தனி விதிகள் வேண்டும் என்று 1991-ல் கட்சுனோ, மெண்டல்சோன் என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள் தெளிவாக எழுதினார்கள். இன்னொன்றும் அவர்களுடைய விதிகளிலிருந்து வருகிறது: ஏற்கெனவே முரண்பட்டுப்போன அறிவுத்தளத்தைத் திருத்தத்தால் சரிசெய்யலாம், எத்தனை முறை புதுப்பித்தாலும் அது சரியாகாது. அதனால் தகவலைச் சேமிக்கும்போதே "பார்த்தது", "செய்தது" என்று ஒரு குறிப்பு போட்டு வையுங்கள். பின்னால் அதைக் கண்டுபிடிக்க வழியே இருக்காது.

அடுத்தது, காரணத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு முடிவை மட்டும் வைத்துக்கொள்வது. ஊசிகள் மூன்றாம் அறையில் இல்லை என்று தெரிந்த பிறகும், அதிலிருந்து வந்த "மூன்றாம் அறையைத் தினமும் சோதி" என்ற வரி அப்படியே உட்கார்ந்திருக்கும். எந்த முடிவு எதிலிருந்து வந்தது என்று சேர்த்தே பதிந்துவைக்கும் அமைப்பை ஜான் டாயல் என்ற செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் 1979-லேயே கொடுத்துவிட்டார். கேள்வி கேட்டால் பதில் எழுதித் தருகிற இன்றைய மொழி மாதிரிகளில் ஒரே ஒரு உண்மையை மட்டும் மாற்றிப் பார்க்கிறவர்களும் இதே இடத்தில்தான் மாட்டுகிறார்கள்: நாட்டின் அதிபர் பெயரை மாற்றிவிட்டு அதிபரின் மனைவி யார் என்று கேட்டால் பழைய பெயரே வருகிறது.

எழுதும் விதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. "ஊசி மூன்றில் இருக்கிறது" ஒரு வரி, "இன்சுலின் நான்கில் இருக்கிறது" இன்னொரு வரி என்று எழுதினால், முதலாவதைக் கைவிட்டாலும் இரண்டாவது மிஞ்சும். இரண்டையும் "ஊசி மூன்றிலும் இன்சுலின் நான்கிலும் இருக்கிறது" என்று ஒரே வரியாக எழுதினால் அந்த வரியோடு இன்சுலினும் போய்விடும். பொருள் ஒன்றுதான், ஆனால் மாற்றத்தைத் தாங்குகிற விதம் ஒன்றல்ல.

"குறைந்தபட்ச மாற்றம்தானே, முடிந்தவரை எல்லாவற்றையும் வைத்துக்கொள்வோம்" என்பது கேட்க நியாயமாக இருக்கும், செய்து பார்த்தால் விபரீதம். மூன்றாம் அறை குளிர்ச்சி என்று நம்புகிற, அதிலிருந்து வரும் எல்லா முடிவுகளையும் நம்புகிற ஒரு அமைப்பு, "மூன்று குளிர்ச்சி அல்லது நாளை மழை" என்பதையும் "மூன்று குளிர்ச்சி அல்லது நாளை மழை இல்லை" என்பதையும் நம்பியாக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் குளிர்ச்சி என்பதே திரும்ப வந்துவிடும், அதனால் குளிர்ச்சியைக் கைவிடும்போது ஒன்றையாவது விட வேண்டும்; ஆனால் முடிந்தவரை மிச்சம் வைத்தால் மற்றொன்று கட்டாயம் தங்கிவிடும். இப்போது "மூன்று குளிர்ச்சி இல்லை" என்று சேர்த்தால் நாளை மழை உண்டா இல்லையா என்பதற்கும் கணினி உறுதியாகப் பதில் சொல்லும்! மழை மட்டுமில்லை, எந்தக் கேள்விக்கும். மறுகோடியில், மிச்சம் வைக்கும் வழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானதை மட்டும் வைத்துக்கொண்டு திருத்தினால் புதுத் தகவலும் அதன் விளைவுகளும் தவிர ஒன்றும் மிஞ்சாது. ஏஜிஎம் இரண்டுக்கும் நடுவில் ஒரு தேர்வை வைத்ததன் காரணம் இதுதான்: எது எதைவிட முக்கியம் என்ற வரிசையை வெளியிலிருந்து நாம்தான் கொடுக்க வேண்டும்.

அந்த வரிசையை ஒருமுறை பயன்படுத்திவிட்டு மறந்துவிடுவது இன்னொரு தவறு. இரண்டு அமைப்புகள், இரண்டுமே ஊசி மூன்றில் இருப்பதாக நம்புகின்றன. மூன்றில் இல்லையென்றால் நான்கில் என்று ஒன்று நினைக்கும், வண்டியில் ஏற்றிவிட்டார்கள் என்று மற்றொன்று நினைக்கும். இன்றைய நம்பிக்கைகளை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஏஜிஎம் முதல் அடியைத்தான் கவனித்தது. அடுத்தடுத்த அடிகளில் அந்த வரிசையே எப்படி மாற வேண்டும் என்பதற்கு 1997-ல் டார்விச், ஜூடியா பேர்ல் என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள் நான்கு விதிகள் சேர்த்தார்கள்.

கடைசியாக, புதிதாக வந்தது எப்போதும் ஜெயிக்கும் என்ற எண்ணம். ஏஜிஎம்மில் இது ஒரு விதியாகவே இருக்கிறது, அதனால் பலர் அதைக் கேள்வியே கேட்பதில்லை. கெட்டுப்போன சென்சார் ஒன்று இருக்கிற கிடங்கில் அந்த விதி செல்லாது. இதற்கு ஒரு எளிய வழி, "அறை 14 டிகிரி" என்று உள்ளே விடாமல் "இந்த நேரத்தில் இந்த சென்சார் 14 என்று காட்டியது" என்று உள்ளே விடுவது. அதை ஏற்பதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. அறை உண்மையிலேயே 14 டிகிரியா, சென்சாரை மாற்ற வேண்டுமா என்பதைப் பக்கத்து சென்சார் காட்டுவதையும், கதவு எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதையும் வைத்து அமைப்பே முடிவு செய்யட்டும்.