மொட்டை மாடி சோலார்: மே மாத வெயிலை நம்பி இடம் குறிக்காதீர்கள்

புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்களும் சோலார் போடும் வீட்டுக்காரர்களும், ஆரம்ப காலத்தில் எங்கள் ஆட்கள் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். பேனலைத் துடைப்பது, நல்ல வயர் வாங்குவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கோடையில் வந்து நிழல் பார்ப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். சென்னைப் பக்கம் பல வீடுகளில் வாஸ்து பார்த்துத் தண்ணீர்த் தொட்டியைக் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், வைத்திருப்பார்கள். மே மாதம் சூரியன் உச்சிக்கும் வடக்கே போய்விடுவதால் தொட்டி நிழல் வடபக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. "இங்கே நிழலே இல்லை சார்" என்று அங்கேயே பேனலை மாட்டிவிடுவார்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்ததும், பிற்பகல் 3 மணிக்கு நிழல் தொட்டி உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீண்டு வடகிழக்கே விழும். பேனல்கள் ஒரே ஸ்ட்ரிங்கில், அதாவது ஒன்றோடொன்று தொடராக இணைத்த வரிசையில், இருப்பதால், ஒன்றிரண்டின் மேல் நிழல் பட்டாலே மொத்த உற்பத்தியும் அடிவாங்கும்.

தாம்பரம் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் 3 கிலோவாட். நாளுக்குச் சுமார் 12 யூனிட் வர வேண்டும். டிசம்பரில் குறைந்தபோது, போட்டவர் "மழை மேகம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மா, உற்பத்தியை நேரவாரியாகக் கோடு போட்டுக் காட்டும் இன்வெர்ட்டர் ஆப்பை என்னிடம் காட்டினார். மேகம் என்றால் கோடு இஷ்டத்துக்கு ஏறி இறங்கும். இதிலோ தினமும் இரண்டரை மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் சரிந்திருந்தது. மாடிக்குப் போனால் இரண்டு பேனல்களின் மேல் தொட்டி நிழல். ஸ்டாண்டைக் கழற்றி இடம் மாற்றி, தளத்தில் போட்ட துளைகளை அடைத்து, வாட்டர்ப்ரூஃபிங் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் வந்த 78,000 ரூபாய் மானியத்தில் ஒரு பங்கு அதிலேயே கரைந்தது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன், டிசம்பர் 21-ஆம் தேதி 3 மணி நிழல் எங்கே விழும் என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். சூரியன் போகும் பாதையைக் காட்டும் ஆப்கள் போனிலேயே கிடைக்கின்றன. வரைந்து தர மறுப்பவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.

எக்ஸ்போர்ட்டை உற்பத்தி என்று நினைப்பது

பகலில் ஏசியும் மோட்டாரும் எடுத்தது போக மிச்சம்தான் வெளி லைனுக்குப் போய், இருவழி மீட்டரில் எக்ஸ்போர்ட்டாக ஏறும். லைனிலிருந்து நாம் எடுப்பது இம்போர்ட். வீட்டின் உண்மையான கரண்ட் செலவு தெரிய வேண்டுமானால், உற்பத்தியோடு இம்போர்ட்டைக் கூட்டி எக்ஸ்போர்ட்டைக் கழியுங்கள்.

கரண்ட் செலவைக் குறைக்காமல் கிலோவாட்டைக் கூட்டுவது

75 வாட் பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி (கரண்ட் குறைவாக எடுக்கும் மோட்டார்) ஃபேன் மாட்டுங்கள். பேனல் அளவை அப்புறம் பேசலாம்.

கரண்ட் போனாலும் ஓடும் என்று நம்புவது

பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த ஆன்-கிரிட் சோலார் ஓடாது. ஓடினால் நம் கரண்ட் லைனுக்குள் பாயும்; ரிப்பேருக்குக் கம்பத்தில் ஏறியிருப்பவர் உயிருக்காக அது நின்றே ஆக வேண்டும்.