நாய்க்குட்டியைத் தடை தாண்டப் பழக்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அஜிலிட்டி என்ற நாய்த் தடையோட்டக் காணொளி ஒன்றைப் பார்த்த கையோடு பலரும் செய்வது ஒன்றுதான். முற்றத்தில் இந்தப் பக்கம் நாலு செங்கல், அந்தப் பக்கம் நாலு செங்கல், மேலே ஒரு சவுக்குக் கம்பு. ஐந்து மாதக் குட்டியைக் கழுத்துப் பட்டையோடு இழுத்துத் தாண்ட வைப்பார்கள். நாலு நாள் தாண்டும். ஐந்தாம் நாள் கம்பைப் பார்த்ததும் திண்ணைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உடனே தீர்ப்பும் வந்துவிடும்: "நாட்டு நாய்க்கு இதெல்லாம் வராதுங்க."

வரும். ராமநாதபுரம் கடற்கரையில் உச்சிப்புளி, மண்டபம் பக்கத்திலும் கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்திலும் நான் பார்த்த குட்டிகளில், விளையாடத் தெரியாத குட்டியைவிட விளையாட்டைக் கெடுத்துவிட்ட ஆட்களே அதிகம். தடை, குழாய், பலகை எல்லாம் பிறகு. முதலில் சரிசெய்ய வேண்டியது பொம்மையைப் பிடிக்கும் நம் கையை.

அஜிலிட்டி என்றால் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1978-இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் கூட்டத்துக்குப் பொழுது போக வேண்டுமே என்று குதிரைத் தடைதாண்டல் போட்டியைப் பார்த்து அமைத்த விளையாட்டு அது. இன்று உலகம் முழுக்கப் போட்டியாக நடக்கிறது. தாண்டும் தடைகள், உள்ளே நுழைந்து ஓடும் குழாய், வரிசையாக நட்ட 12 கம்பங்களுக்கு இடையே வளைந்து ஓடுவது, ஏறி இறங்கும் சரிவு, உயரத்தில் நடக்கும் பலகை, ஏறினால் மறுபக்கம் சாயும் சீசாப் பலகை ஆகியவை அதில் இருக்கும். களத்தில் நாயைத் தொடக் கூடாது. கையில் தீனியோ பொம்மையோ இருக்கக் கூடாது. வாய்ச்சொல்லும் உடலசைவும் மட்டும்தான். ஆகவே நாய்க்கு உங்களோடு ஓடுவதே பிடித்திருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் எந்தத் தடையும் உதவாது. சர்வதேச நாய்கள் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் விதிப்படி 18 மாதம் ஆகாத நாய் போட்டியில் இறங்க முடியாது. போட்டிக்காரர்களே அவ்வளவு காத்திருக்கும்போது நமக்கு என்ன அவசரம்?

பொம்மை விஷயம்

முதல் தவறு, பொம்மையைக் குட்டியின் முகத்துக்கு நேரே நீட்டி ஆட்டுவது. எந்த முயலும் நாயின் வாயைத் தேடி வருவதில்லை, விலகித்தான் ஓடும். முகத்தில் வந்து இடிக்கும் பொம்மையிடமிருந்து குட்டி பின்வாங்கினால் அது சோம்பேறித்தனம் இல்லை, நியாயம். பொம்மையைத் தரையோடு தரையாக, உங்களை விட்டும் குட்டியை விட்டும் விலகிப் போகிற மாதிரி இழுங்கள். திடீரென நிறுத்துங்கள். லேசாகத் துடிக்க விடுங்கள். மறுபடி ஓட விடுங்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்றவை கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை இனங்கள். அசையாமல் கிடக்கும் பொம்மை அவற்றின் கண்ணில் படுவதே இல்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கயிற்றின் நுனியில் பொம்மையைக் கட்டி மணலில் இழுத்துக்கொண்டு ஓடிப் பாருங்கள், விளையாடாத நாய் என்று பேர் வாங்கியதுகூடப் பாய்ந்து வரும்.

பொம்மையைத் தேர்ந்தெடுப்பதில் நம் கரைக்கென்றே ஒரு தவறு உண்டு. மணலில் இலவசமாகக் கிடக்கும் நைலான் கயிறும் வலைத் துண்டும் கைக்கு வசதியாக இருக்கும். வேண்டவே வேண்டாம். ஈறை அறுக்கும். பிரிந்து வரும் நார் வயிற்றுக்குள் போனால் குடலைச் சுருக்கிக் கிழிக்கக்கூடும், அறுவை சிகிச்சை வரை போகும். வலையில் சிக்கிய தூண்டில் முள்ளைச் சொல்லவே வேண்டாம். டென்னிஸ் பந்தும் மணலும் சேர்ந்தால் பல் தேயும், எப்போதாவது எறிந்தால் பரவாயில்லை, தினமும் வேண்டாம். வாய்க்குள் முழுதாகப் போகிற சின்னப் பந்து தொண்டையில் அடைக்கும். என்னைக் கேட்டால் பழைய கைலியை மூன்றாகக் கிழித்துச் சடை பின்னி இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டதைப் போல ஒரு பொம்மை கடையில் கிடையாது. நாலாம் மாதத்திலிருந்து ஆறேழு மாதம் வரை பால்பல் விழுந்து புதுப் பல் முளைக்கும். ஈறு நோகும் அந்தக் காலத்தில் மெத்தென்ற துணிதான் சரி. குட்டி திடீரென இழுக்க மறுத்தால் முதலில் வாயைத் திறந்து பாருங்கள்.

இழுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். மேலே தூக்கி இழுப்பது, முன்கால் தரையை விட்டு எழும்ப ஆட்டுவது, வெடுக்கென்று பிடுங்குவது எல்லாம் கழுத்துக்கும் முதுகுக்கும் ஆகாது. பொம்மை குட்டியின் தலை மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருக்கட்டும். இழுப்பு பக்கவாட்டில், நிதானமாக. பலம் போடுவது குட்டியின் வேலை, நீங்கள் சும்மா பிடித்துக்கொண்டால் போதும்.

நாய் ஜெயித்தால் தலைக்கு ஏறிவிடும், ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருமுறைகூட ஜெயிக்காத விளையாட்டை நீங்கள் எத்தனை நாள் ஆடுவீர்கள்? அடிக்கடி விட்டுக்கொடுங்கள். பொம்மையை வாங்கிக்கொண்டு ஓடினால் துரத்தாதீர்கள், எதிர்ப்பக்கம் ஓடுங்கள். பொம்மையைத் தூக்கிக்கொண்டு அதுவே உங்களைத் தேடி வரும். இழுக்கும்போது உறுமுவதைப் பார்த்துப் பயந்து அடிப்பதும் தவறு. உடம்பு தளர்ந்து, வால் ஆடி, திரும்பத் திரும்ப உங்களிடமே வந்தால் அது விளையாட்டு உறுமல். உடம்பு விறைத்து, வெள்ளைவிழி தெரிய, பொம்மையின் மேல் கவிழ்ந்து நின்றால் அது வேறு. அப்போது பிடுங்கப் போகாமல், தள்ளி நின்று தீனியைத் தரையில் போட்டுக் கவனத்தைத் திருப்புங்கள். அது அடிக்கடி நடந்தால் விவரம் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது.

"விடு" என்ற சொல்லைத்தான் ரொம்பப் பேர் கெடுத்து வைத்திருக்கிறார்கள். தாடையை அழுத்தி, விரலை விட்டுப் பிடுங்கி, கத்தி... இதில் குட்டி கற்றுக்கொள்வது இன்னும் இறுக்கிக் கடிக்க வேண்டும் என்பதை மட்டும்தான். செய்ய வேண்டியது எளிது. பொம்மையை உங்கள் முழங்காலோடு ஒட்டி அசையாமல் பிடியுங்கள். பேசாதீர்கள். உயிர் போன பொம்மையில் சுவை இல்லை, கொஞ்ச நேரத்தில் வாய் தளரும். விட்ட அந்த நொடியே "எடு" என்று சொல்லி மறுபடி ஆட்டத்தைத் தொடங்குங்கள். விட்டால் ஆட்டம் தொடரும் என்று புரிந்த பிறகு "விடு" என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம். பலர் விட்டதும் பொம்மையைச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுகிறார்கள். விட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றால் எந்த நாய் விடும்?

இன்னும் இரண்டு சின்ன விஷயம். இழுத்து விளையாடும் பொம்மையை நாள் முழுக்க முற்றத்தில் போட்டு வைக்காதீர்கள், அது உங்களோடு சேர்ந்தால் மட்டும் கிடைக்கும் பொருளாக இருக்கட்டும். அப்புறம், குட்டி களைத்துப் படுக்கும் வரை ஆடாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம், இன்னும் வேண்டும் என்று அது கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

தீனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருவாட்டுத் துண்டு போட்டால் எந்த நாயும் சொன்னபடி கேட்கும், ஆனால் அந்த உப்பு குட்டிக்கு ஆகாது. உப்புப் போடாமல் வேகவைத்த நெத்திலியோ கோழித் துண்டோ சுண்டுவிரல் நகம் அளவு போதும். வயிறு முட்டச் சோறு வைத்துவிட்டுப் பயிற்சிக்குக் கூப்பிடுவதில் பயனில்லை.

உயரம் இப்போது வேண்டாம்

குட்டியின் நீள எலும்புகளின் முனைகளில் குருத்தெலும்பு இருக்கிறது, எலும்பு நீள்வது அங்கேதான். சிறிய இனங்களில் எட்டுப் பத்து மாதத்திலும், உயரமான இனங்களில் ஒன்றரை வயதுவரையிலும்கூட அது முழுமையாக இறுகாமல் இருக்கலாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் நெடுங்கால் இனங்கள். அந்த இடத்தில் அடிபட்டால் கால் கோணலாக வளரக்கூடும். ஆகவே கம்பு தரையில் கிடக்கட்டும், மிஞ்சினால் முன்னங்கால் மணிக்கட்டு உயரம். கம்பங்களுக்கு இடையே வேகமாக வளைந்து ஓட வைப்பதும், உயரத்திலிருந்து குதிக்க விடுவதும் இந்த வயதில் வேண்டாம். கால்நடை மருத்துவர் பார்த்து எலும்பு இறுகிவிட்டது என்று சொன்ன பிறகு மெல்ல மெல்ல ஏற்றலாம். அப்போதும் சவுக்குக் கம்பை ஆணியடித்து நிறுத்தாதீர்கள். கால் பட்டால் கம்பு விழ வேண்டும். மெலிந்த பிவிசி குழாயைத் தாங்கியின் மேல் சும்மா வைத்தால் போதும்.

சரி, தாண்டாமல் வேறு என்ன சொல்லித்தருவது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. பெரும்பாலான குட்டிகளுக்குத் தனக்குப் பின்னங்கால் இருப்பதே தெரியாது, முன்னங்கால் போகிற பக்கம் பின்பாதி இழுபட்டு வரும். அகலமான பேசின் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் முன்னங்காலை வைக்கப் பழக்குங்கள். பிறகு நீங்கள் பக்கவாட்டில் ஓரடி நகர, அதுவும் பின்னங்காலை எடுத்து வைத்துச் சுற்ற வேண்டும். இதில் வரும் தவறு, மூக்குக்கு நேராகத் தீனியைப் பிடித்துக்கொண்டே சுற்றுவது. கண்ணும் மனமும் தீனியில் இருக்கும், கால் எங்கே போகிறது என்று அது கவனிக்காது. தானாகக் கால் நகர்ந்த பிறகு தீனி கொடுங்கள். ஏணியைத் தரையில் கிடத்தி அதன் படிகளுக்கு நடுவே மெதுவாக நடக்க விடுவதும் இதே வேலையைச் செய்யும்.

ஒரு மரத்தையோ கவிழ்த்த வாளியையோ சுற்றிவிட்டுத் திரும்பி வரப் பழக்குவது நல்ல அடிப்படை. ஆனால் எல்லாரும் தனக்கு வசதியான பக்கமே சுற்ற விடுகிறார்கள். இடம், வலம் இரண்டும் வேண்டும். குட்டிக்கு எந்தப் பக்கம் தடுமாற்றமோ அந்தப் பக்கம் கூடுதலாக.

குழாய்க்காக இரண்டு பக்கமும் அறுத்த நீல டிரம் வைப்பவர்கள் உண்டு. அறுத்த விளிம்பைத் துணி சுற்றி மூடுங்கள், உருளாமல் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வையுங்கள். உள்ளே இருக்கும்போது ஒருமுறை உருண்டுவிட்டால் அப்புறம் நுழைய வைக்க மாதக்கணக்காகும். தினமும் முதலில் நீங்கள் குனிந்து உள்ளே பாருங்கள், தேளோ பாம்போ நிழலுக்கு ஒதுங்கியிருக்கும். சீசாவையும் இதே மாதிரி அவசரப்பட்டுக் கெடுப்பார்கள். பலகை ஆடுவது ஒரு பயம், தரையில் இடித்துச் சத்தம் போடுவது இன்னொரு பயம். இரண்டையும் தனித்தனியாகப் பழக்க வேண்டும். சாக்கை மடித்து அதன்மேல் பலகை போட்டு லேசாக ஆட விடுவதே தொடக்கத்துக்குப் போதும். கழுத்து வாரைப் பிடித்து எதன்மேலும் இழுத்து ஏற்றாதீர்கள்.

சொல் விஷயத்தில் வீட்டுக்குள் ஓர் ஒப்பந்தம் தேவை. அம்மா "இங்க வாடா", அண்ணன் "கம்", தாத்தா வெறும் விசில் என்றால் குட்டி எதைக் கேட்கும்? ஒரு செயலுக்கு ஒரு சொல், ஒரே முறை. "இரு" என்று நிறுத்தினால், கிளம்புவதற்கும் ஒரு தனிச் சொல் வேண்டும். நீங்கள் அசைந்தாலே கிளம்பிவிடும் குட்டி, "இரு" என்றால் என்னவென்று இன்னும் கற்கவில்லை. திட்டாமல் பழைய இடத்துக்கே கூட்டிப் போய், குறைந்த நேரத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஓடும்போது நாய் உங்கள் பேச்சைவிடத் தோளையும் பாதத்தையும் பார்க்கிறது. பாதம் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் காட்டினால் அது குழம்புவது அதன் குற்றமில்லை. நாயில்லாமல் தனியாக ஓடிப் பழகுங்கள். பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கரைக்குக் கூட்டிப் போகும்போது

தடுப்பூசி வரிசை முடியாத குட்டியை, தெருநாய்கள் திரியும் கரைக்குக் கொண்டு போகவே கூடாது. குட்டிகளின் உயிரைக் குடிக்கும் வயிற்றுநோய்க் கிருமியான பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஊசி முடிந்தாலும் நேரே கரைவலை இழுக்கும் இடத்தில் பாடத்தைத் தொடங்காதீர்கள். அந்த மீன் வாடைக்கு முன்னால் உங்கள் கைலிப் பொம்மை ஜெயிக்க முடியாது. முற்றம், பிறகு ஆளில்லாத தெரு, பிறகு அரியமான் மாதிரி சவுக்கு நிழல் உள்ள கரையில் கூட்டமில்லாத காலை நேரம் என்று படிப்படியாகப் போங்கள்.

வெயில் ஏறிய மணலில் உங்கள் புறங்கையைச் சில வினாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். நாக்கு நீண்டு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் பயிற்சியை விட்டுவிட்டு நிழலுக்குக் கொண்டு போய், சாதாரணத் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். கால் புதையும் உலர் மணலில் திருப்பி ஓட விடுவது தசையைப் பிடிக்கும், அலை நனைத்து இறுகிய ஈர மணலே மேல். குடிக்க வீட்டிலிருந்து நல்ல தண்ணீர் எடுத்துப் போங்கள். தாகத்தில் கடல் தண்ணீரைக் குடித்தால் வயிற்றுப்போக்கில் தொடங்கி வலிப்பு வரை போகலாம்.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பேத்தை மீன் பெரிய ஆபத்து. அதன் டெட்ரோடாக்சின் நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. செத்துக் காய்ந்தாலும் நஞ்சு போகாது. குட்டி வாயில் வைத்துவிட்டால், வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். சொறி மீனையும் மோந்து பார்க்க விடாதீர்கள். இதற்காகவே "விடு" முன்கூட்டி உறுதியாகியிருக்க வேண்டும்.

பறவையைத் துரத்த விடுவதைச் சிலர் உடற்பயிற்சி என்று நினைக்கிறார்கள். ஒருமுறை அந்தச் சுவை பிடித்துவிட்டால் பொம்மை அலுத்துப்போகும், கூப்பிட்டாலும் திரும்பாது. தனுஷ்கோடிப் பக்கம் அது சட்டச் சிக்கலும்கூட, பூநாரைகள் வந்து இறங்கும் அந்தப் பகுதி 2025-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும். அவிழ்த்துவிட்ட நாய் மோப்பம் பிடித்துக் குழியைத் தோண்டிவிடும். அந்த மாதங்களில் நீள வாரைக் கழற்றாதீர்கள்.

வீடு திரும்பியதும் உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி, காது மடலைத் துடைத்து, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பாருங்கள். கரைக்குப் போகும் பாதையெல்லாம் சீமைக்கருவேல முள்தான், ஒடிந்து உள்ளே தங்கிவிட்டால் மேலே புள்ளி மாதிரிதான் தெரியும். நேற்றுவரை ஓடிய குட்டி இன்று தடைக்கு முன்னால் தயங்கினால், அடம் என்று முடிவு கட்டுவதற்கு முன் அந்தப் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். முள் எதுவும் இல்லாமலே நொண்டினால் இரண்டு நாள் ஓட்டத்தை நிறுத்துங்கள். மூன்றாம் நாளும் நொண்டினால் மருத்துவரிடம்தான்.