வந்த சூட்டோடு இன்னொரு நாட்டுக்கு அனுப்புகிறார்களா?

புது நாட்டுக்கு வந்து, வீடு பிடித்து, வங்கிக் கணக்கு திறந்து, எந்தப் பஸ் எங்கே போகும் என்பதே இப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டிருக்கும். அதற்குள் மேனேஜர் கூப்பிட்டு, அடுத்த மாதம் ஒரு வேலை இருக்கிறது, போய்விட்டு வாருங்கள் என்று உலகப் படத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே சட்டென்று தோன்றாத ஒரு நாட்டின் பெயரைச் சொல்வார். வாய் சரி என்று சொல்லிவிடும். அன்று ராத்திரியிலிருந்து வயிறு கலங்க ஆரம்பிக்கும்.

முதலில் ஒரு தாளை எடுத்து, பயம் எதைப் பற்றி என்று எழுதுங்கள். "அந்த ஊரை நினைத்தால் பயமாக இருக்கிறது" என்றுதான் எல்லோரும் சொல்வோம், ஆனால் கிளறிப் பார்த்தால் பலருக்கு ஊர் காரணமே இல்லை. திரும்பி வரும்போது இமிக்ரேஷனில் நிறுத்திவிடுவார்களோ என்பது ஒருவருக்கு. பழக்கமில்லாத உச்சரிப்பில் படபடவென்று பேசுகிறவர்கள் நடுவே தனியாக உட்கார்ந்து வேலை தெரிந்தவராக நடந்துகொள்ள வேண்டுமே என்பது இன்னொருவருக்கு. கைக்குழந்தையோடு மனைவியை யாரையுமே தெரியாத ஊரில் விட்டுவிட்டுப் போகிறோமே என்பது வேறொருவருக்கு. மாட்டேன் என்று சொன்னால் வேலை போகும், வேலை போனால் விசாவும் போகும் என்பது, வெளியே சொல்லாவிட்டாலும், நம்மில் நிறையப் பேருக்கு அடியில் கிடக்கிறது. எழுதி முடித்தால் அவை இரண்டாகப் பிரியும். யாரையாவது கேட்டால் பதில் கிடைக்கக்கூடியவை, யாரைக் கேட்டாலும் பதில் இல்லாதவை. முதல் வகையைக் கேட்டே முடித்துவிடலாம். இரண்டாவது வகையை இணையத்தில் தேடித் தீர்க்க முடியாது, தேடத் தேட வளரும்.

திரும்பி வரும் வழியை முதலில் பாருங்கள்

போவதற்கான விசாவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். திரும்பி வருவதைப் பற்றிப் பல இடங்களில் யாரும் யோசிப்பதே இல்லை, ஏனென்றால் உங்களை அனுப்புகிறவர் பெரும்பாலும் நீங்கள் இப்போது இருக்கும் நாட்டின் பாஸ்போர்ட்டே வைத்திருப்பவர், அவருக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. நீங்கள்தான் கேட்க வேண்டும். அமெரிக்காவில் ஹெச்-1பி என்ற வேலை அனுமதி செல்லுபடியாக இருந்தாலும், பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியாகியிருந்தால், வெளியே போனவர் வெளிநாட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் மறுபடி விசா ஸ்டாம்பிங் முடித்த பிறகுதான் திரும்ப முடியும் (கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாட்களுக்குள் போய்த் திரும்புகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு, அதற்கும் நிபந்தனைகள் இருக்கின்றன). சவூதியில் இகாமா என்ற வசிப்பு அனுமதி கையில் இருந்தாலும், கிளம்பும் முன் எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா (போய்த் திரும்புவதற்கான அனுமதி) வேண்டும். ஷெங்கன் (ஒரே விசா வட்டத்தில் இருக்கும் ஐரோப்பிய நாடுகள்) நாடு ஒன்றின் வசிப்பிட அட்டை இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாட்களில் 90 நாட்கள் வரை போய்வரலாம், ஆனால் பிரிட்டனும் அயர்லாந்தும் அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவை, இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே தனி விசா. பிரிட்டனில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால், புது எண்ணை உங்கள் இ-விசாக் கணக்கில் சேர்த்தாயிற்றா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும், அதையும் இன்றைக்கே திறந்து பார்த்துவிடுங்கள்.

அகதிப் பயண ஆவணத்தில் போகிற நம்மவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. உங்களோடு வேலை செய்கிறவருக்கு விசா தேவையில்லாத நாட்டுக்குக்கூட உங்களுக்குத் தேவைப்படலாம், ஆகவே காலம் அதிகம் கேளுங்கள். இலங்கையிலிருந்து தப்பி வந்தவர் என்றால், டிக்கெட் போடும்போது விமானம் கொழும்பு வழியாகப் போகிறதா என்று பாருங்கள், போனால் வேறு வழி கேளுங்கள். டிக்கெட் எடுக்கும் ஏஜெண்டுக்கு அது மலிவான வழி, அவ்வளவுதான், அவர் வேறெதையும் யோசிக்கப்போவதில்லை.

இன்னொன்று, எந்த விசாவில் என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்பது. பிசினஸ் விசா பொதுவாக மீட்டிங், பேச்சுவார்த்தை, கண்காட்சி போன்றவற்றுக்கு. மெஷின் பொருத்துவது, சைட்டில் இறங்கி வேலை பார்ப்பது என்றால் பல நாடுகளில் தனி அனுமதி வேண்டும். செய்யப்போகும் வேலையை நாலு வரியில் எழுதி, "இந்த விசாவில் இது செய்யலாமா?" என்று ஹெச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். "டூரிஸ்ட் என்று சொல்லிவிடுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள்" என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். மாட்டினால் விமானம் ஏற்றித் திருப்பி அனுப்பப்படுவது நீங்கள், அப்படிச் சொன்னவர் தன் நாற்காலியில்தான் இருப்பார். காகிதமும் நீங்கள் சொல்வதும் ஒன்றாக இருந்தால், இமிக்ரேஷன் கவுன்டரில் என்ன கேட்பார்களோ என்ற கலக்கத்தில் பாதி அப்போதே போய்விடும்.

நாட்டின் பெயரைத் தேடாதீர்கள்

நாட்டின் பெயரைத் தட்டினால் வருவது குண்டுவெடிப்பும் கடத்தலும்தான், ஏனென்றால் எதுவும் நடக்காத நாள் செய்தியாவதில்லை. சட்டென்று நினைவுக்கு வருவதை அடிக்கடி நடப்பது என்று மனம் எடுத்துக்கொள்ளும் என்பதை உளவியலாளர்கள் டிவெர்ஸ்கியும் கானமனும் 1973இலேயே எழுதிவிட்டார்கள். எந்த நகரம், எந்தப் பகுதி, விமான நிலையத்திலிருந்து எந்தச் சாலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதைத் தேடுங்கள். நைஜீரியா என்றதும் போக்கோ ஹராம் என்று வீட்டில் அலறுவார்கள், அந்த ஆயுத இயக்கம் முளைத்த மைதுகுரி நகரம் லாகோஸிலிருந்து நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வடகிழக்கு மூலையில் இருக்கிறது. லாகோஸில் வேறு கவலைகள் இருக்கலாம், அவற்றை அங்கே இருப்பவர் சொல்வார். பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்க அரசுகளின் பயண எச்சரிக்கைகள் நாட்டுக்குள்ளேயே பகுதி பகுதியாகப் பிரித்துச் சொல்கின்றன. அவை கொஞ்சம் கூடுதலாகவே எச்சரிக்கும் என்பது என் எண்ணம், ஆனாலும் வாட்ஸப்பில் பெரியப்பா அனுப்பும் வீடியோவைவிட எவ்வளவோ மேல்.

உண்மையில் அதிகம் பார்க்க வேண்டியது சாலையை. உலகில் ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் பேர் சாலை விபத்தில் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பின் சீட்டிலும் பெல்ட் போடுங்கள், ராத்திரி விமானத்தில் இறங்கி அப்படியே நாலு மணி நேரம் நெடுஞ்சாலையில் போகச் சொன்னால், விமான நிலையம் பக்கத்தில் தங்கிக் காலையில் கிளம்புகிறேன் என்று சொல்லுங்கள்.

தடுப்பூசி விஷயத்தைக் கடைசி வாரம் வரை விடாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும், 2016 ஜூலையிலிருந்து அது ஆயுளுக்கும் போதும். மலேரியா மாத்திரை எழுதித் தரும்போது, உங்களுக்குப் பதற்றமோ மனச்சோர்வோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மெஃப்ளோக்வின் என்ற மருந்து பதற்றம், கெட்ட கனவு போன்றவற்றைக் கொண்டுவரக்கூடியது, 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குக் கடும் எச்சரிக்கை போட்டது. வேறு மாத்திரைகள் இருக்கின்றன. கையில் எடுத்துப்போகும் மருந்துகளையும் பாருங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தும் டிரமடால் என்ற வலி மருந்தும் ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி கேட்பவை, தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் டயசிபாம், அல்பிரசோலம் வகைகள் பல நாடுகளில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. டாக்டர் சீட்டும் மருந்தின் பெட்டியும் கூடவே இருக்கட்டும்.

மேனேஜரிடம் எப்படிச் சொல்வது

நம்மவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஒன்று, எதுவுமே கேட்காமல் தலையாட்டிவிட்டு ஒரு மாதம் தூங்காமல் கிடப்பது. அல்லது கடைசி நாளில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவது. இரண்டாவது அந்த நேரத்துக்கு அப்பாடா என்று இருக்கும், ஆனால் பயந்து ஒதுங்கிய இடம் அடுத்த முறை இன்னும் பெரிதாகத் தெரியும், மனநல மருத்துவர்களும் இதைத்தான் சொல்வார்கள். "பயமாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வது என்று தெரியாது. விமான நிலையத்தில் யார் வந்து கூட்டிப்போவார், அவர் பெயரும் போன் எண்ணும் என்ன, ஹோட்டலை அந்த ஊர் அலுவலகமே தேர்ந்தெடுத்ததா, ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது, இன்சூரன்ஸ் அவசர மருத்துவ விமானச் செலவைத் தருமா என்று கேளுங்கள். நாளைக் குறைப்பது, பழகிய ஒருவரோடு சேர்ந்து போவது, முதல் சுற்றை வீடியோவில் முடிப்பது, இவையும் தாராளமாகக் கேட்கக்கூடியவையே. வேலைப் பயண ஆபத்துகளை நிறுவனங்கள் எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கென்றே 2021இல் ஐஎஸ்ஓ 31030 என்ற வழிகாட்டு நெறி வந்தது, ஆகவே நீங்கள் புதிதாக எதையும் இழுத்துவிடவில்லை.

உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து ஒருவர் வேலையிலிருந்து விலகினால், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆவது உடன்படிக்கை சொல்கிறது. நீங்கள் இருக்கும் நாட்டுச் சட்டம் இதை எவ்வளவு தூரம் ஏற்றிருக்கிறது என்பது வேறு வேறாக இருக்கும், ஆகவே மறுப்பதென்றால் அரசு எச்சரிக்கையின் அச்சுப் பிரதியோடு, எழுத்தில், மரியாதையாக மறுங்கள். மனம் மட்டும் ஒப்பவில்லை என்றால் இந்த ஆயுதத்தை எடுக்காதீர்கள், தேய்ந்துபோகும்.

சரி, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாயிற்று, இன்னும் நெஞ்சு படபடக்கிறது. இது உடம்பின் வேலை. ஆபத்து என்று மூளை நினைத்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், வயிறு கலங்கும், கை வியர்க்கும். திடீரென்று கூடிவரும் பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்க ஆரம்பிக்கும், இதைத் தெரிந்து வைத்திருப்பதே பெரிய உதவி. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், நாலு எண்ணி இழுத்தால் ஆறோ ஏழோ எண்ணி விடுங்கள். காபியைக் குறையுங்கள், குடித்ததில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். விமானத்தில் தைரியத்துக்காகக் குடிப்பது வேண்டவே வேண்டாம், இறங்கும்போது பதற்றம் இரட்டிப்பாகும்.

நாள் முழுக்கக் கவலைப்படுகிறவர்களுக்கு, 1980களில் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவரோடு இருந்தவர்களும் சோதித்த ஒரு முறை இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே உட்காருவது. மற்ற நேரத்தில் கவலை வந்தால் "சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்" என்று குறித்து வைப்பது. கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். இரண்டு வாரம் விடாமல் செய்து பாருங்கள்.

போய் இறங்கிய பிறகு

முடிந்தால் பகலில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். ஹோட்டல் முகவரியை அந்த ஊர் எழுத்திலேயே போட்டோவாக வைத்துக்கொள்ளுங்கள், வரைபடத்தையும் மொழிபெயர்ப்பையும் இணையம் இல்லாமல் வேலை செய்யும்படி முன்பே இறக்கி வையுங்கள். சீனாவில் கூகுளும் வாட்ஸப்பும் சாதாரணமாக வேலை செய்யாது, அமீரகத்தில் வாட்ஸப்பில் எழுதலாம், ஆனால் பேச முடியாது. இது தெரியாமல் போய் இறங்கினால், போன் வரவில்லையே என்று வீட்டில் கலங்குவார்கள், அந்தக் கலக்கம் சுற்றி வந்து உங்களையே பிடிக்கும். எந்தச் செயலியில், எத்தனை மணிக்குப் பேசுவேன், பேசாவிட்டால் எவ்வளவு நேரம் பொறுத்திருக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மணிக்கொரு தரம் பேசுவது இருவருக்குமே நல்லதில்லை.

கிழக்கே பறந்தால் தூக்கம் அதிகம் கெடும். உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேர அளவுதான் சரிக்கட்டிக்கொள்ளும். ஆகவே முதல் இரண்டு மூன்று ராத்திரி மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு, ஏன் இங்கே வந்தோம், வேலையையே விட்டுவிடலாமா என்றெல்லாம் தோன்றும். அந்த நேரத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள், யாருக்கும் மெயில் அனுப்பாதீர்கள். மறுநாள் வெயிலில் நடங்கள், ஹோட்டலிலிருந்து அலுவலகம் வரைக்கும் பகலில் ஒருமுறை போய்வாருங்கள்.

ஆபத்து என்றால் 112. ஐரோப்பா முழுக்கவும் வேறு பல நாடுகளிலும் கைபேசியிலிருந்து அது வேலை செய்யும், இருந்தாலும் அந்த ஊர் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர்கள் பலர் குழம்பும் இடம் தூதரகம். நீங்கள் கனடாவில் வரி கட்டிக்கொண்டிருந்தாலும், கையில் இந்தியப் பாஸ்போர்ட் என்றால் உங்களுக்காக வரவேண்டியது இந்தியத் தூதரகம்தான். போலீஸ் பிடித்து வைத்தால், உங்கள் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்க 1963 வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 36ஆவது பிரிவு உரிமை தருகிறது. அந்தத் தொலைபேசி எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள், போன் சார்ஜ் தீர்ந்துபோகும்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பிட முடியவில்லை, பயணம் முடிந்த பிறகும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றால் டாக்டரிடம் போங்கள். இதற்குப் பேச்சு வழிச் சிகிச்சை நன்றாகவே பலன் தருகிறது. பல கம்பெனிகள் ஊழியர்களுக்கு இலவச ஆலோசனை வைத்திருக்கின்றன, பேசியது மேனேஜருக்குப் போகுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நண்பர் தந்தார் என்று அவருடைய படபடப்பு மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள், புரோப்ரானலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து.

திரும்பி வந்ததும் விமான நிலையத்திலேயே முத்திரையில் உள்ள தேதியைப் பாருங்கள். அமெரிக்காவுக்குத் திரும்புகிறவர்கள் அன்றைக்கே ஐ-94ஐ (எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) இணையத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிகிறது என்றால், விசா அதற்கு மேலும் இருந்தாலும் தங்கும் காலத்தைப் பாஸ்போர்ட் முடியும் தேதியோடு நிறுத்தியிருக்கலாம். அப்படி இருந்தால் அதே வாரத்தில் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.