மறுக்கப்பட்ட தள்ளுபடிப் பணம் கைக்கு வந்த கதை

பிரிண்டர் வாங்கினால் ஒரு பகுதிப் பணம் திரும்ப வரும் என்றார்கள். பில் நகல், பெட்டியிலிருந்து வெட்டிய பார்கோடு, படிவம் எல்லாம் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து வந்த பதில்: "கெடு தாண்டிவிட்டது." கடை தயாரிப்பாளரைக் கைகாட்டியது, தயாரிப்பாளர் படிவங்களைச் சரிபார்க்கும் வேறொரு நிறுவனத்தைக் காட்டினார். நடுவில் நான் பந்தாடப்பட்டேன்.

நல்லவேளை, வெட்டுவதற்கு முன்பே பார்கோடைப் படம் எடுத்திருந்தேன் (வெட்டிய பெட்டியைக் கடை திரும்ப வாங்காது என்பது அப்புறம்தான் உறைத்தது). பதிவுத் தபால் ரசீதும் பத்திரமாக இருந்தது. அதில் கெடுவுக்கு நான்கு நாள் முந்தைய தேதி. விதியிலோ "அஞ்சலில் சேர்த்த தேதி" என்றுதான் இருந்தது, கிடைத்த தேதி என்றல்ல. அந்த ஒரு வரியை எடுத்துக்காட்டி, முதல் வரைவில் கொட்டியிருந்த கோபத்தையெல்லாம் அடித்துவிட்டு, அரசின் நுகர்வோர் பிரிவில் புகார் பதிந்தேன். புகார் எண்ணோடு மூவருக்கும் நகல் போனது. மூன்றாம் வாரம் காசோலை வந்தது. மன்னிப்பு மட்டும் வரவில்லை.